நாலு நிமிச மினக்கேடு

2023 இல் ஒரு மழை நாள், என்னுடைய லப்டொப்பின் மதர்போர்ட் போய்விட்டது. திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பவேணும், மூன்று கிழமை எடுக்கும் என்றார்கள். அதுவரைக்கும் பாவிக்கச் சொல்லி ஒஃபிஸ் அலுமாரியில் கிடந்த பழைய லப்டொப் ஒன்றை எடுத்துத் தந்தார்கள். மூடியில் பாதி கிழிந்த வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர். பார்த்த உடனே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அதற்கு முதல் வருசம் எங்களிடம் ஆறு மாதம் ட்ரெய்னிங் செய்த தங்கச்சி பாவித்தது.

அவளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல், கோடில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு அந்த மாற்றம் ப்ரவுசரில் வருமட்டும் காத்திருக்கிறோமே, அந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும்.

நான் கோட் எழுதப் பழகியது ஏ.எல். எடுத்துவிட்டு ரிசல்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில். அண்ணாவின் பழைய டெஸ்க்டொப்பில் எக்ஸாம்ப் போட்டு பிஎச்பி எழுதினேன். ஃபைலில் ஒரு வரியை மாற்று, கொன்ட்ரோல் எஸ், ப்ரவுசருக்குப் போய் எஃப்5. மாற்றம் அங்கே நிற்கும். பிஎச்பி வேலை செய்கிற விதம் அப்படி. ஒவ்வொரு முறை பக்கத்தைக் கேட்கும்போதும் அந்த ஃபைலை முதலில் இருந்து ஓட்டும், பதிலைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். சேர்வரை நிப்பாட்டித் தொடக்குகிற வேலையே இல்லை. அப்போது இந்த விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: ‘இப்பிடி மாத்தினா என்ன வரும்?’ என்று தோன்றினால் உடனே மாற்றிப் பார்க்கலாம். பிழைத்தால் கொன்ட்ரோல் இசட். ஒரு பின்னேரத்துக்குள் இருநூறு தரம் எஃப்5 அமத்தியிருப்பேன். எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி அமத்தி அமத்திப் படித்ததுதான்.

பிறகு வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஜாவா. கடன் சங்கங்களுக்குக் கணக்கு வைக்கிற சிஸ்டம் ஒன்று, ஸ்ப்ரிங் பூட்டில் எழுதியது. அதில் ஒரு லேபலில் இருக்கிற எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கும் ஒரு பெரிய சடங்கு இருந்தது. மேவன் முழு ப்ரொஜெக்டையும் கொம்பைல் பண்ணும். டெஸ்ட் எல்லாம் ஓடும். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வார் ஃபைலாகக் கட்டும். அதை டொம்காட்டில் கொண்டுபோய்ப் போட்டால், டொம்காட் அதை அவிழ்த்து, ஸ்ப்ரிங் தன்னுடைய சாமான்களை ஒவ்வொன்றாக எழுப்பி, டேட்டாபேஸோடு தொடர்பு எடுத்து, அதற்குப் பிறகுதான் பக்கம் வரும். வருவதும் லொகின் பக்கம். சேர்வர் விழுந்து எழும்பினதில் நீங்கள் யார் என்பதை மறந்திருக்கும். திரும்ப லொகின் பண்ணி, மெனுவில் மூன்று இடத்தில் அமத்தி, ஒரு உறுப்பினரைத் தேடி எடுத்து, கடன் விண்ணப்பத்தை முக்கால்வாசி நிரப்பினால்தான் அந்த லேபல் இருக்கிற இடத்துக்குப் போகலாம்.

என்னுடைய லப்டொப்பில் இவ்வளவுக்கும் ஐம்பது செக்கன் அளவில் போகும். முதல் மாதம் விசராக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பில்ட் ஓடட்டும் என்று விட்டுவிட்டுத் தண்ணி குடிக்கலாம், வட்ஸ்அப் பார்க்கலாம். “ஜாவா எண்டால் அப்பிடித்தான்” என்று சீனியர் அண்ணா ஒருவர் சொன்னார். எனக்குப் பிறகு வந்தவர்களுக்கு நானும் அதையே சொன்னேன்.

2022 ஜனவரியில் அந்தத் தங்கச்சி வந்தாள். டிப்ளோமாவின் கடைசிப் பகுதியாக ஆறு மாத ட்ரெய்னிங். சாவகச்சேரியில் இருந்து பஸ்ஸில் வருவாள். அதிகம் கதைக்கமாட்டாள். சொன்ன வேலையை ஒரு கொப்பியில் வடிவாக எழுதி வைத்துக்கொண்டு தொடங்குவாள். நான் அவளுக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஃபோம் திருத்துகிற வேலைகள். காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் முடியும் என்று என்னுடைய கணக்கு. அவளுக்கு அடுத்த நாள் மத்தியானம் ஆகும். எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்: “பில்ட் ஆகுதக்கா.”

அது எனக்குச் சாட்டுப் போலத்தான் கேட்டது.

பெப்ரவரி கடைசியில் இருந்து கரண்ட் வெட்டு மோசமானது. மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அவளுடைய லப்டொப்பின் பற்றரி முக்கால் மணித்தியாலம்கூடத் தாங்காது. எல்லாருமே எதற்காவது காத்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில், ஒரு பிள்ளை மேசைக்கு முன்னால் சும்மா ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதே, ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூனில் ட்ரெய்னிங் முடிந்தது. அவள் படித்த இடத்தில் இருந்து மதிப்பீட்டுப் படிவம் வந்தது. நிரப்பியது நான். நேரந்தவறாமை 5. பழக்கவழக்கம் 5. வேலையின் வேகம் 2. குறிப்பு எழுதுகிற பெட்டிக்குள், ‘நல்ல பிள்ளை. இன்னும் கெதியாக வேலை செய்யப் பழகவேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த முறை ட்ரெய்னிங் செய்த மூன்று பேரில் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். அவளை எடுக்கவில்லை.

*

இனி அந்தப் பழைய லப்டொப்புக்கு வருவோம். ப்ரொஜெக்டை அதில் எடுத்து, ஒரு லேபலை மாற்றி, பில்ட் கொடுத்தேன். தண்ணி குடித்துவிட்டு வந்தேன், முடியவில்லை. வட்ஸ்அப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டாவது தரம் போனில் ஸ்டொப்வொட்ச் போட்டுப் பார்த்தேன். லேபல் கண்ணில் படுமட்டும் நாலு நிமிசம் பத்து செக்கன்.

காரணம் ஒன்றும் மர்மம் இல்லை. 4 ஜிபி ரேம். எடிட்டர், க்ரோம், டேட்டாபேஸ், டொம்காட் நாலையும் திறந்தவுடன் ரேம் நிரம்பி, மிச்சத்தை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். டிஸ்க்கும் எஸ்எஸ்டி இல்லை, சுழல்கிற பழைய வகை. அதற்கு மேலே, பில்ட் புதிதாக எழுதுகிற ஒவ்வொரு ஃபைலையும் அன்டிவைரஸ் திறந்து சோதித்துக்கொண்டிருக்கும்.

நாலு நிமிசம் என்றால் பெரிய விசயமா என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். நான் 70 தரம் மாற்றிப் பார்க்கக்கூடிய ஒரு மணித்தியாலத்தில் அவளால் 15 தரம்கூடப் பார்க்க ஏலாது, வேறு ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும். ஆனால் எனக்கு உறைத்தது இந்தக் கணக்கு இல்லை. மூன்றே நாளில் நான் மாறிப்போன விதம்தான்.

முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள், ஒவ்வொன்றாகப் பார்த்தால் சரிவராது என்று பத்து மாற்றத்தைச் சேர்த்துச் செய்துவிட்டு ஒருக்காப் பில்ட் கொடுத்தேன். எரர் வந்தது. பத்தில் எது பிழை என்று தெரியாமல் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அதற்கும் ஒவ்வொரு நாலு நிமிசம். காத்திருக்கிற நேரத்தில் போனை எடுத்தால் நாலு நிமிசம் பன்னிரண்டு நிமிசமாகும். திரும்பி வரும்போது எதைப் பார்க்க பில்ட் கொடுத்தேன் என்பதே மறந்திருக்கும். மூன்றாம் நாள், இரண்டு பெட்டிகளுக்கு இடையில் இருக்கிற இடைவெளி கொஞ்சம் கூடவோ என்று தோன்றியது. மாற்றிப் பார்க்கவில்லை. ‘இது காணும்’ என்று விட்டேன். ஒரு ஃபங்ஷனுக்கு மோசமான பெயர் இருந்தது. அதையும் தொடவில்லை. ‘இப்பிடி மாத்தினா என்ன வரும்?’ என்கிற கேள்வி எனக்குள் வருவதே நின்றுவிட்டது. ஏழு வருசமாக இந்த வேலை செய்கிற எனக்கு அது போக மூன்று நாள் போதுமாயிருந்தது. அவள் அந்த மெஷினோடு ஆறு மாதம் இருந்திருக்கிறாள்.

பிறகு இதைப்பற்றி வாசித்தபோது, கம்பியூட்டர் உலகம் இதை எப்பவோ கண்டுபிடித்துவிட்டது என்று தெரிந்தது. 1968 இலேயே ஐபிஎம்மில் இருந்த ரொபர்ட் மில்லர், மனிதரும் மெஷினும் மாறி மாறிக் கதைக்கிற மாதிரியான வேலைகளில் பதில் இரண்டு செக்கனைத் தாண்டினால் யோசனையின் தொடர்ச்சி குலையும் என்று எழுதியிருக்கிறார். ஜேக்கப் நீல்சன் 1993 இல் மூன்று எல்லைகளைச் சொன்னார். 0.1 செக்கனுக்குள் பதில் வந்தால் நாங்களே கையால் செய்த மாதிரி இருக்கும். 1 செக்கன் வரைக்கும் யோசனை அறாது. 10 செக்கனைத் தாண்டினால் மனம் வேறு அலுவலுக்குப் போய்விடும். எனக்கு ஆகப் பிடித்தது, ஐபிஎம்மின் வோல்டர் டொஹர்ட்டியும் அவரோடு சேர்ந்த தடானியும் 1982 இல் எழுதியது. மெஷின் கெதியாகப் பதில் சொன்னால் மிச்சப்படுவது மெஷினின் நேரம் மட்டுமில்லை, அடுத்ததாக என்ன செய்வது என்று மனிதர் யோசிக்கிற நேரமும் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதை மறுவளமாக வாசித்தால் என்ன வரும்? மெஷின் மெதுவாகும்போது மனிதரும் மெதுவாகிறார். நான் 2 போட்டது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

இதற்கு ஒரு மறுப்பும் இருக்கிறது, அதுவும் நியாயமானது. முந்தி பஞ்ச் கார்ட் காலத்தில் ப்ரோக்ராமை அட்டைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வருமட்டும் மணித்தியாலக் கணக்கில், சிலவேளை அடுத்த நாள் வரைக்கும் காத்திருப்பார்கள். அதனால் கொடுக்க முதலே கடதாசியில் வரி வரியாக ஓட்டிப் பார்ப்பார்கள். ‘இப்பத்தைய பிள்ளையள் யோசிக்காமல் ரீலோட் பண்ணிக்கொண்டிருக்குதுகள்’ என்று பெரியாக்கள் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. கரண்ட் இல்லாத பின்னேரங்களில் கொப்பியும் பேனையுமாக இருந்து நான் எழுதிய சில தீர்வுகள், மெஷினுக்கு முன்னால் வந்ததைவிட நல்லவை.

ஆனால் கடதாசியில் ஓட்டிப் பார்க்க, அந்த மெஷின் உங்கள் தலைக்குள்ளும் இருக்கவேணும். சீனியருக்கு அது இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு இன்னும் இல்லை. மாற்றி, பார்த்து, பிழைத்து, திரும்ப மாற்றித்தான் அது தலைக்குள் கட்டப்படுகிறது. ஆகவே மெதுவான மெஷின் ஆகக்கூடப் பாதிப்பது படிக்க வந்தவரைத்தான். ஒஃபிஸ்களில் நடப்பதோ தலைகீழ். புது லப்டொப் வந்தால் சீனியருக்கு. சீனியரின் பழையது ஜூனியருக்கு. அலுமாரியில் மிஞ்சிக் கிடப்பது ட்ரெய்னிக்கு.

*

நாலாம் நாள், அந்த லப்டொப்பின் டெஸ்க்டொப்பில் கிடந்த ஃபைல்களை ஒதுக்கும்போது ‘டைம்’ என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் கண்டேன். பஸ் நேர அட்டவணையாக்கும் என்று திறந்தேன்.

9.12 – 9.16 லேபல்
9.19 – 9.24 லேபல், திரும்ப
9.31 – 9.35 பட்டன் நிறம்
9.40 – கரண்ட் போட்டுது

இப்படி இரண்டு கிழமைக்கு மேலே, ஒவ்வொரு நாளும். கடைசியில் ஒவ்வொரு நாளுக்கும் கூட்டுத்தொகை. ஒரு நாளில் காத்திருந்தது மட்டும் மூன்று மணித்தியாலம் இருபது நிமிசம்.

அன்றைக்கு நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. பில்டைத் திருத்துகிற வேலையைத் தொடங்கினேன். அன்று பின்னேரமும் அடுத்த நாள் காலையும் போனது. செய்தது இவ்வளவுதான்:

ஒவ்வொரு பில்டுக்கும் முழு டெஸ்டையும் ஓட்டுவதை நிப்பாட்டினேன். கோடை கிட்டில் புஷ் பண்ணும்போது டெஸ்ட் ஓடினால் போதும். வார் ஃபைல் கட்டி வெளியில் இருக்கிற டொம்காட்டில் போடுவதை விட்டு, ஸ்ப்ரிங் பூட்டின் உள்ளேயே இருக்கிற டொம்காட்டில் நேரடியாக ஓட்டினேன். டெவ்டூல்ஸைச் சேர்த்தேன். அது ஜாவா க்ளாஸ்களை இரண்டு பங்காகப் பிரித்து வைத்திருக்கும். மாறாத லைப்ரரிகள் ஒரு பக்கம், நாங்கள் எழுதுகிற கோட் மற்றப் பக்கம். மாற்றம் வந்தால் எங்களுடைய பங்கை மட்டும் எறிந்துவிட்டுப் புதிதாக ஏற்றும். செஷனையும் காப்பாற்றி வைக்கும் என்பதால் திரும்பத் திரும்ப லொகின் பண்ணத் தேவையில்லை. எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டுகளை கேஷ் பண்ணாமல் சோர்ஸ் ஃபோல்டரில் இருந்தே வாசிக்க வைத்தேன். ப்ரொஜெக்ட் ஃபோல்டரை அன்டிவைரஸ் சோதிக்காமல் விலக்கினேன். பாதி நிரப்பிய மாதிரி விண்ணப்பம் ஒன்றை டேட்டாபேஸில் போட்டு, அதற்கு நேரே போக ப்ரவுசரில் ஒரு புக்மார்க் வைத்தேன்.

அதே லப்டொப், அதே 4 ஜிபி. லேபல் மாற்றினால் மூன்று செக்கன். ஜாவா கோட் மாற்றினால் இருபது செக்கன் அளவில். ஒரு சதம் செலவில்லை. டெவ்டூல்ஸ் 2015 இல் இருந்தே இருக்கிறது. எங்களில் ஒருவரும் தேடிப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஜாவா எண்டால் அப்பிடித்தான்.

ரியாக்ட், வியூ பக்கம் வேலை செய்கிறவர்களுக்கும் இந்தக் கதை புதிதாக இராது. வெப்பேக்கில் பெரிய ப்ரொஜெக்டைத் தொடக்கினால், முதலில் எல்லா ஃபைலையும் சேர்த்துக் கட்டி முடிக்குமட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவேணும். வியூவை உருவாக்கிய எவான் யூ 2020 இல் கொண்டுவந்த வீட் அதை வேறு மாதிரிச் செய்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் ‘கெதியாக’ என்றுதான் அர்த்தம். லைப்ரரிகளை ஒருமுறை தயார்பண்ணி வைத்துவிடும். நாங்கள் எழுதுகிற ஃபைல்களைச் சேர்த்துக் கட்டாமல், ப்ரவுசர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கொடுக்கும். ஒரு ஃபைலை மாற்றினால் அந்தப் பகுதி மட்டும் மாறும். பெரும்பாலும் ஃபோமில் நிரப்பியதும் அப்படியே இருக்கும். இன்னொரு சின்ன விசயம்: விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டி வேலை செய்கிறீர்கள் என்றால், ப்ரொஜெக்ட் விண்டோஸின் சி ட்ரைவில் கிடக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

*

அவளுக்கு மெசேஜ் போட ஒரு கிழமை எடுத்தது. என்ன எழுதுவது? கடைசியில் நடந்ததை அப்படியே எழுதினேன். உன்ர லப்டொப் இப்ப என்னட்ட இருக்கு, அந்த ஃபைலைப் பாத்தனான், உனக்கு நான் போட்ட மார்க்ஸ் பிழை, மன்னிச்சுக்கொள்ளு.

பின்னேரம் பதில் வந்தது.

“ஐயோ அக்கா, அதை அழிக்காமல் விட்டிட்டனோ! நீங்கள் ஏன் சுணங்குது எண்டு கேட்டால் காட்டலாம் எண்டுதான் எழுதி வச்சனான். பேந்து, உங்கட மெஷின்ல ஒருக்கா ஓட்டிப் பாக்கலாமோ எண்டும் கேக்க நினைச்சனான். நீங்கள் எப்பவும் பிஸி. எனக்குத்தான் ஏதோ செய்யத் தெரியேல்லை, மற்ற ஆக்களுக்கு ஓடுதுதானே எண்டு விட்டிட்டன்.”

இப்போது வவுனியாவில் ஒரு கடையின் கணக்குப் பகுதியில் வேலையாம். கோட் எழுதுவதில்லையாம். திரும்பத் தொடங்கச் சொல்லவா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை. அவள் படித்த இடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், அந்த 2 தவறு என்று. அதனால் எதுவும் மாறியதா என்று தெரியாது.

புதிதாக வேலைக்கோ ட்ரெய்னிங்குக்கோ போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் நாளே ஸ்டொப்வொட்ச் எடுத்து, சேவ் பண்ணினதில் இருந்து மாற்றம் கண்ணில் படுமட்டும் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கிறவரின் மெஷினிலும் பாருங்கள். கூட என்றால் சொல்லுங்கள். அது சாட்டும் இல்லை, சோம்பலும் இல்லை. என்னைப் போல சீனியராக இருக்கிறவர்கள், அவர்கள் சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டு இருக்காதேங்கோ. நீங்களே போய்ப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருங்கள்.

நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். போன மாதம் புதிதாக ஒரு தம்பி வந்தான். முதல் நாள் இருவருமாக இருந்து நேரம் பார்த்தோம். ஆறு செக்கன். நல்லம்தானே என்று எழும்பப் போனேன்.

“ஆறு செக்கன் கூடத்தானேக்கா, இன்னும் குறைக்கேலாதோ?” என்றான்.

திரும்பவும் கதிரையில் இருந்தேன்.